அச்சின் கறுப்பு அழுக்கல்ல

டிசம்பர் இரண்டாம் வாரம் பிறந்தால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் பரண்மேல் ஏணி சாயும். நட்சத்திர விளக்கின் கம்பிச் சட்டம், குடிலுக்கான சுரூபங்கள் வைத்த அட்டைப்பெட்டி, வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் அடுப்பேறும் பெரிய உருளி எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். அவற்றோடு பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு சாமானும் வரும். பிரித்துப் பார்த்தால் கறுகறுவென்று ஓர் உலோகப் பூ. ஆறோ எட்டோ இதழ், நடுவிலிருந்து கிளம்பும் நீளமான கம்பி, அதன் நுனியில் ஒரு பிடி. அச்சு முறுக்குச் சுடும் அச்சு அதுதான்.

இதற்கு என்ன வயது என்று கேட்டுப் பாருங்கள். "எங்க அம்மை கல்யாணத்துக்குக் கொண்டு வந்தது" என்பார் பாட்டி. அந்த அம்மைக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. நகையைப் பங்கு வைத்தபோது சத்தமே எழாத வீட்டில்கூட, அச்சு யாருக்கு என்ற இடத்தில் மட்டும் அக்கா தங்கைகளுக்குள் மனத்தாங்கல் வரும். கடைத்தெருவில் பளபளப்பான புது அச்சு சல்லிசாகக் கிடைக்கிறதே, இந்தக் கறுத்த இரும்புக்கா இத்தனை போட்டி? நானும் சின்ன வயதில் இதை வெறும் பாசம் என்றுதான் நினைத்தேன். பாசம் பாதி, வேதியியல் பாதி.

விடுமுறைக்கு வந்த பேத்தி ஒருத்தி, பாட்டிக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று அந்த அச்சைக் கிணற்றடியில் வைத்து, சாம்பலும் கம்பி நாரும் போட்டுத் தேய்தேய் என்று தேய்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பெல்லாம் போய் உள்ளிருந்த உலோகம் மின்னுகிறது. பாட்டி வந்து பார்க்கிறார். "ஏ மக்களே, அச்சைப் போட்டு இப்படித் தேச்சு வச்சிருக்கியே! இனி முறுக்கு எப்படிக் கழண்டு வரும்?" என்று தலையில் கை வைக்கிறார். அவர் சொன்னபடியே நடக்கும். அன்று மாலை மாவில் தோய்த்த அச்சை எண்ணெயில் இறக்கினால், முறுக்கு வேகும், சிவக்கும், ஆனால் அச்சை விடாது. கத்தியால் நெம்பினால் துண்டு துண்டாக உடைந்து வரும். அடுப்படியில் பேச்சு நின்றுபோகும்.

பேத்தி தேய்த்து எடுத்தது அழுக்கை அல்ல. ஐம்பது, அறுபது வருஷமாக எண்ணெய் தன்னைத்தானே பூசிக்கொண்டு உண்டாக்கிய ஒரு மேல்தோலை.

எண்ணெயின் ஒரு மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். கிளிசரால் என்ற சின்ன மூலக்கூறில் மூன்று நீளமான வால்கள் ஒட்டியிருக்கும். அந்த வால்களுக்குக் கொழுப்பு அமிலங்கள் என்று பெயர். பெரும்பாலும் 12 முதல் 18 கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலிகள் அவை. சில வால்களில் எல்லாக் கார்பன்களும் ஒற்றைப் பிணைப்பால் இணைந்திருக்கும். அவை நிறைவுற்றவை. சில வால்களில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்பு இருக்கும். அவை நிறைவுறாதவை. இரட்டைப் பிணைப்பை ஒட்டிய இடம்தான் அந்தச் சங்கிலியின் பலவீனமான இடம். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அங்கேதான் வந்து தாக்கும். சூடு ஏறினால் இந்தத் தாக்குதல் பல மடங்கு வேகமாக நடக்கும்.

தாக்கப்பட்ட வால் சும்மா இருப்பதில்லை. பக்கத்து மூலக்கூறின் வாலைப் பிடித்துக்கொள்கிறது. அது அதற்கடுத்ததைப் பிடிக்கிறது. குளச்சல் கடற்கரையில் நூலுக்கு நூல் முடிச்சுப் போட்டு வலை பின்னுகிறார்களே, அப்படி எல்லாத் திசையிலும் முடிச்சு விழுந்துகொண்டே போகிறது. ஓடிக்கொண்டிருந்த எண்ணெய் இப்போது ஓட முடியாத ஒரே பின்னலாக, உலோகத்தோடு ஒட்டிய கெட்டிப் படலமாக மாறிவிடுகிறது. இப்படிச் சின்ன மூலக்கூறுகள் கைகோத்து உண்டாகும் பெரிய மூலக்கூறைப் பாடப்புத்தகத்தில் பலபடி என்று படித்திருப்பீர்கள். பாலித்தீன் பையும் ஒரு பலபடி, நைலான் கயிறும் ஒரு பலபடி. ஆக, பாட்டியும் பாட்டியின் அம்மையும் தங்களுக்கே தெரியாமல் விறகடுப்பில் ஒரு பலபடியைத் தயாரித்து அச்சுக்குப் பூசியிருக்கிறார்கள். தோசை ஒட்டாத கல்லுக்குக் கடைகளில் பூசித் தருகிற டெஃப்லானை ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க வேதியியலர் தற்செயலாகக் கண்டது 1938-இல்தான். எண்ணெய்த் தோல் பூசிய இரும்பு அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது.

எல்லா எண்ணெயும் ஒரே மாதிரி தோல் கட்டுவதில்லை. ஆளி விதை எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிக அதிகம். அதனால் அது அடுப்பில் வைக்காமல், வெறும் காற்றிலேயே சில நாளில் உலர்ந்து கெட்டியாகிவிடும். ஐரோப்பிய ஓவியர்கள் நூற்றாண்டுகளாக வண்ணப்பொடியைக் குழைத்தது அந்த எண்ணெயில்தான். நல்லெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுறாத வால்கள். அதுவும் சூட்டில் நன்றாகத் தோல் கட்டும். தேங்காயெண்ணெய் நேர் எதிர். அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றவை, ஆக்சிஜனுக்குப் பிடி கொடுக்காதவை. அதனால்தான் புது அச்சைப் பழக்கும்போது நல்லெண்ணெய் தடவச் சொல்கிறார்கள், முறுக்குச் சுடும்போது தேங்காயெண்ணெய் ஊற்றுகிறார்கள். யாரும் மூலக்கூறைப் பார்த்து இதை முடிவு செய்யவில்லை. பார்த்துப் பார்த்துத் தேர்ந்துகொண்டார்கள்.

புது அச்சைப் பழக்குகிற முறை வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். சோறு வடித்த கஞ்சித் தண்ணீரில் ஓரிரு நாள் ஊறப்போட்டு, கடையில் பூசிய பிசுக்கைக் கழுவி எடுப்பார்கள். ஈரம் போகக் காயவைத்து, எண்ணெயை மெல்லிசாகத் தடவி, சுடவைத்து ஆறவிடுவார்கள். பிறகு மறுபடி தடவல், மறுபடி சூடு. மெல்லிசாக என்பது முக்கியம். எண்ணெய் தடிமனாக நின்றால் மேல்பகுதி மட்டும் கெட்டியாகி, உள்ளே பிசுபிசுப்பு அப்படியே தங்கிவிடும். இவ்வளவு செய்தாலும் முதல் நாலைந்து முறுக்கு கோழிக்குத்தான். பேத்தி தேய்த்த அச்சையும் இதே வழியில் பழையபடி ஆக்கிவிடலாம். உலோகம் எங்கும் போய்விடவில்லை. அறுபது வருஷத் தோல் ஒரே வாரத்தில் வராது, அவ்வளவுதான்.

சரி, தோல் இருந்தால் ஏன் ஒட்டுவதில்லை? மாவில் இருக்கிற முட்டையும் தேங்காய்ப் பாலும் புரதம் கொண்டவை. சர்க்கரையும் இருக்கிறது. சூடான வெற்று உலோகத்தைத் தொட்டதும் புரத மூலக்கூறுகள் சுருள் அவிழ்ந்து, உலோக அணுக்களோடு நேரடியாகப் பிணைந்துகொள்ளும். அதோடு எவ்வளவு மழமழப்பாகத் தெரிந்தாலும் உலோகத்தின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குண்டும் குழியும் உண்டு. மாவு அதற்குள் இறங்கி வெந்து கெட்டியாகிவிட்டால் நகம் போட்டு இழுத்தாலும் வராது. பலபடித் தோல் அந்தக் குழிகளை நிரப்பிவிடுகிறது. தண்ணீரோடு சேராத அந்தத் தோலில் ஈரமான மாவு அழுத்தமாகப் பிடிக்க வழியில்லை.

ஆனால் சுத்தமாகப் பிடிக்காமலே போனாலும் முறுக்கு இல்லையே! அச்சை மாவில் தோய்த்து எடுக்கும்போது மாவு ஒட்ட வேண்டும். எண்ணெயில் வெந்த பிறகு விட வேண்டும். அச்சு முறுக்கின் சூட்சுமம் முழுக்க இந்த இரண்டு காரியத்துக்கும் நடுவில் இருக்கிறது.

ஒட்டவைப்பது சூடு. அதனால்தான் முதலில் அச்சை எண்ணெயிலேயே போட்டு வைக்கிறார்கள். எண்ணெய் 170, 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். அச்சும் அந்தச் சூட்டுக்கு வரும். வெளியே எடுத்து, எண்ணெயை உதறி, மாவில் இறக்கினால் 'சொய்ங்' என்று சத்தம். அரிசி மாவின் ஸ்டார்ச் சுமார் 70 டிகிரியில் தண்ணீரைக் குடித்து உப்பிக் கூழாகும். முட்டையின் புரதமும் ஏறக்குறைய அதே சூட்டில்தான் இறுகும். அச்சைத் தொட்ட மாவு அந்த நொடியிலேயே ஒரு மெல்லிய சட்டையாக அதைச் சுற்றி இறுகிக்கொள்கிறது. அச்சு ஆறியிருந்தால் மாவு வழிந்துவிடும். அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால், மாவிலுள்ள தண்ணீர் சட்டென்று ஆவியாகி மாவை அச்சிலிருந்து தள்ளிவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள சூட்டைப் பாட்டி சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறார். தெர்மாமீட்டர் வைத்துச் சுடுகிற வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

தோய்க்கும்போது அச்சின் மேல்விளிம்பு மாவுக்கு மேலே நிற்க வேண்டும். முக்கால் பாகம் மட்டுமே மூழ்கலாம். முழுக்க மூழ்கிவிட்டால் மாவு மேலேயும் சுற்றி மூடிக்கொள்ளும். அப்புறம் என்ன ஆட்டினாலும் முறுக்கு வெளியே வர வாசல் இருக்காது.

இங்கேதான் பழைய அச்சின் கனம் உதவுகிறது. குளிர்ந்த மாவில் இறங்கும் அச்சு தன் சூட்டை மாவுக்குக் கொடுக்கிறது. அதிகச் சூட்டைச் சேமித்து வைத்திருக்கும் அச்சுக்கு அந்த இழப்பு பெரிதல்ல. ஒரு கன சென்டிமீட்டர் இரும்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 3.5 ஜூல் ஆற்றல் வேண்டும். பித்தளைக்கு 3.2, அலுமினியத்துக்கு 2.4 ஜூல்தான். அதாவது ஒரே அளவுள்ள இரண்டு அச்சுகளை ஒரே எண்ணெயில் காய்ச்சினால், இரும்பு அச்சு அலுமினிய அச்சைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெப்பத்தைத் தன்னுள் வைத்திருக்கும். புது அலுமினிய அச்சுகள் பெரும்பாலும் மெல்லிசு வேறு. மாவில் இறங்கியதும் சூடு குறைந்துவிடும், மாவுச் சட்டை அரைகுறையாக இறுகும். கடைக்காரர் அதை லேசான அச்சு, கை வலிக்காது என்று சொல்லி விற்பார். சொன்னது உண்மைதான். கை வலிக்காது.

இனி விடவைக்கும் வேலை. மாவு போர்த்திய அச்சு எண்ணெயில் இறங்கியதும் குமிழிகள் கொப்பளிக்கும். அது எண்ணெய் கொதிப்பதால் அல்ல, மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே பாய்வதால். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியானால் சுமார் 1.7 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு சின்னக் கரண்டித் தண்ணீர் எத்தனை குமிழிகள் ஆகும் என்று பாருங்கள். அந்த ஆவி மாவுக்கும் அச்சுக்கும் நடுவிலும் உண்டாகி, முறுக்கை உள்ளிருந்து தள்ளுகிறது. தண்ணீர் போகப் போக மாவுச் சட்டை விறைத்துக்கொண்டு தன் வடிவத்தில் தானே நிற்கப் பழகுகிறது. நடுவில் விழுந்த மெல்லிய இடைவெளிக்குள் எண்ணெய் புகுகிறது. பாட்டி கம்பியைப் பிடித்து மெல்ல ஆட்டுகிறார். அச்சு தனியே மேலே வருகிறது, பூ எண்ணெயில் மிதக்கிறது.

குமிழி பொங்கும்வரை முறுக்குக்குள் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறதே! குமிழி அடங்குகிறது என்றால் தண்ணீர் தீர்ந்துவருகிறது என்று பொருள். அதன் பிறகுதான் முறுக்கின் சூடு கிடுகிடுவென ஏறும், நிறம் மாறும், தெருமுனை வரைக்கும் வாசம் போகும். சர்க்கரையும் புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களும் அந்தச் சூட்டில் கூடி நூற்றுக்கணக்கான புதுச் சேர்மங்களை உண்டாக்குகின்றன. இதை 1912-இல் விளக்கி எழுதியவர் லூயி காமில் மையார் என்ற பிரெஞ்சு அறிவியலர். காப்பிக்கொட்டை வறுபடும்போதும், தோசையின் அடி சிவக்கும்போதும் நடப்பது அவர் பெயரைத் தாங்கிய அதே வினைதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன். கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் பெரியவர்கள் இல்லாமல் போகக் கூடாது. ஈர அச்சை எண்ணெயில் போடவே கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, அடியில் இறங்கும், அங்கே சட்டென்று ஆவியாகி மேலுள்ள எண்ணெயைத் தூக்கி வீசும். அந்த 1.7 லிட்டர் கணக்கை நினைவில் வையுங்கள். எண்ணெய் தீப்பிடித்தாலும் இதே காரணத்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, சட்டியை ஒரு தட்டால் மூடினால் காற்றில்லாமல் தீ தானே அடங்கும்.

சுட்ட முறுக்கைப் பழைய பிஸ்கட் தகர டப்பாவில் அடுக்குவார்கள். அந்த டப்பாவுக்கும் அனேகமாக உங்கள் அப்பாவின் வயது இருக்கும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாட்டி இரண்டு தடவை அமுக்கிப் பார்ப்பார். வடகிழக்குப் பருவமழை வந்துபோகும் காலம், காற்றில் ஈரம் நிறைய. முறுக்கிலுள்ள சர்க்கரையும் ஸ்டார்ச்சும் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காய்ந்த முறுக்கில் ஸ்டார்ச் மூலக்கூறுகள் அசைய இடமில்லாமல் கண்ணாடி நிலையில் விறைத்திருக்கின்றன. அதனால்தான் கடித்தால் 'படக்'. நடுவில் தண்ணீர் மூலக்கூறுகள் புகுந்துவிட்டால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். நமத்துப் போன முறுக்கு ஒடியாமல் வளைகிறதே, காரணம் அதுதான்.

ஈரத்தைத் தடுத்துவிட்டாலும் டப்பாவுக்குள் இருக்கிற ஆக்சிஜனை என்ன செய்வது? அது முறுக்கிலுள்ள எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளைத் தேடிப் போகிறது. சாதாரணச் சூட்டில் வேலை மெதுவாக நடக்கும். பின்னல் கட்டுவதற்குப் பதில் வால்கள் உடைந்து, சிறுசிறு துண்டுகளாகி, ஒரு கெட்ட வாடை அடிக்கும். முறுக்குக் காறிப்போயிற்று என்கிறோம். கவனித்தீர்களா? அச்சுக்குத் தோல் கட்டிக் கொடுத்த ஆக்சிஜனேதான் முறுக்கைக் கெடுப்பதும். அச்சில் நல்லதாகத் தெரிகிற வினை டப்பாவில் கெட்டதாகத் தெரிகிறது. ஆக்சிஜனுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. தேங்காயெண்ணெயில் சுட்ட முறுக்கு பொங்கல் வரை தாக்குப்பிடிப்பதற்கு அதன் நிறைவுற்ற வால்கள் ஒரு முக்கியக் காரணம்.

உங்களில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இப்போது கை தூக்கும். நல்லெண்ணெயில் இரட்டைப் பிணைப்பு இவ்வளவு இருக்கிறதே, அது சீக்கிரம் காறிவிட வேண்டுமே, ஊறுகாயில் மாதக்கணக்காக நிற்கிறதே என்று. நியாயமான கேள்வி. எள்ளில் செசமால் முதலான சில பொருள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. ஆக்சிஜன் தொடங்கி வைக்கும் தொடர்வினையை அவை நடுவில் வெட்டிவிடும். அச்சைப் பழக்கும்போது கொடுக்கிற கடுஞ்சூட்டில் அவற்றின் காவல் நீடிக்காது.

இந்தப் பூவச்சு குமரி மாவட்டத்துக்கு மட்டும் சொந்தமில்லை. கேரளத்தில் அச்சப்பம் என்று சுடுகிறார்கள். இலங்கையில் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கலந்த கொக்கிஸ், சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம். நார்வேயிலும் சுவீடனிலும் கோதுமை மாவில் இதே மாதிரி அச்சைத் தோய்த்துக் கிறிஸ்துமஸுக்குச் சுடுகிறார்கள். ஈரானில் நவ்ரோஸ் புத்தாண்டுக்குச் சுடும் நான் பஞ்செரெயியும் அச்சில் விழும் பூதான். மாவு மாறும், எண்ணெய் மாறும். சூடாக்கி, தோய்த்து, இறக்கி, ஆட்டுவது மட்டும் எங்கும் ஒன்றுதான்.

பரணிலிருந்து இறங்கிய மற்றதையும் ஒரு பார்வை பார்ப்போம். உருளிக்கு அச்சின் சட்டம் பொருந்தாது. வெண்கலமும் பித்தளையும் செம்பு கலந்தவை. ஈரக் காற்றில் செம்பு ஆக்சைடு ஆகிக் கறுக்கும், நாளாக ஆக பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு உணவில் சேர்ந்தால் வயிற்றைக் கெடுக்கும், அதனால் தேய்த்தே ஆக வேண்டும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பு ஆக்சைடைக் கரைத்துவிடும், கல்லுப்பு அதை இன்னும் விரைவுபடுத்தும். அதே புளியை இரும்பு அச்சில் தேய்த்தால் தோலும் அரிக்கும், இரும்பும் அரிக்கும். புளியை எதில் போடலாம், எதில் போடக் கூடாது என்று தெரிந்துகொள்வதில்தான் வீட்டுச் சாமான் பராமரிப்பில் பாதி அடங்கியிருக்கிறது.

சுரூபங்களைத் துடைக்கிற வேலையைப் பொதுவாகப் பிள்ளைகளிடம் விடுவார்கள். உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். பழைய சுரூபங்களில் பல பாரிஸ் சாந்தில் வார்த்தவை. தண்ணீர் சேர்த்ததும் அது இறுகி ஜிப்சம் ஆகிறது. ஜிப்சம் தண்ணீரில் துளியாவது கரையும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம். இது சின்ன எண்ணாகத் தெரியலாம். வருஷாவருஷம் ஈரத்துணி போட்டால் முதலில் வண்ணம் போகும், அப்புறம் சூசையப்பரின் மூக்கு போகும்.

டிரங்குப் பெட்டியில் லேஸ் வைத்த மேஜை விரிப்பு இருந்தால் அது நாகர்கோவிலுக்கே உரிய சொத்து. 1820-களில் இங்கே லண்டன் மிஷனில் இருந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டில் குண்டூசி குத்தி, சின்ன மரக்கோல்களில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அது. பருத்தி நூல் செல்லுலோஸால் ஆனது. பல வருஷம் காற்றுப்பட்டு அதுவும் ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகும், மடிப்பு விழுந்த இடத்தில் முதலில் இற்றுப்போகும். ஆகவே ஒவ்வொரு வருஷமும் மடிப்பை மாற்றி வையுங்கள். கஞ்சி போட்டு மட்டும் உள்ளே வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி விருந்து. பக்கத்தில் பட்டுப் புடவைக்காகப் போட்ட அந்துருண்டை உருகாமலே சிறுத்துக்கொண்டு போவதையும் பார்க்கலாம். நாஃப்தலீன் திடநிலையிலிருந்து நேரே ஆவியாகிறது. அந்த ஆவி நமக்கும் நல்லதல்ல. பச்சிளம் குழந்தையின் துணியோடு அதைச் சேர்த்து வைக்கவே கூடாது.

இனி நீங்களே செய்து பார்க்க ஒன்று. பூச்சு இல்லாத மூன்று இரும்பு ஆணிகளை எடுத்து உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துத் துடையுங்கள். முதல் ஆணி அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் பச்சை நல்லெண்ணெய் தடவி, துணியால் துடைத்துவிடுங்கள். மூன்றாவதிலும் அதே மாதிரி தடவித் துடைத்து, அதை அம்மாவோ அப்பாவோ தோசைக்கல்லில் புகை எழும்வரை காய்ச்சி ஆறவிட்டு, அதையே மூன்று நான்கு தரம் திருப்பிச் செய்து தரட்டும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யச் சொல்லுங்கள். மூன்றாம் ஆணி பழுப்பேறிப் பிறகு கறுக்கத் தொடங்கும். மூன்றையும் சோப்புத் தண்ணீரில் ஒரே மாதிரி கழுவி, உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சின்மேல் தனித்தனித் தட்டில் வையுங்கள். பஞ்சு காயக் காய நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த ஆணி எந்த நாளில் துருப்பிடிக்கத் தொடங்கியது, சோப்பு எதன் காவலைக் கழுவிக்கொண்டு போனது, எதை அதனால் அசைக்க முடியவில்லை என்று நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பஞ்சில் படியும் செம்பழுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். துரு முதலில் தெரிவது பெரும்பாலும் அங்கேதான்.